எட்டு நிமிஷம் அசையாதே

திருப்பதி,
27 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்பதால்தான் எழுதுகிறேன், ஆகவே அந்த விசாரிப்பை விட்டுவிடுகிறேன். கடிதத் தொடக்கத்தில் ஸ்தோத்திரம் எங்கே என்று அம்மா கேட்டால், ஒன்று சேர்த்து வாசித்துக்கொள்ளட்டும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு கையால் நான் இவ்வளவு எழுதியதில்லை. வேறு வழியில்லை. போனில் உன்னால் பேச முடியவில்லை. மெசேஜ் அனுப்பினால் திரை வெளிச்சத்தில் தலைவலி கூடுகிறது என்கிறாய். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவோ வலது கை தேறுவதற்குத் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எனவே காகிதம். எழுதியதை பஸ் டிப்போவில் சுந்தர்சிங் மாமாவிடம் கொடுத்துவிடு. திருப்பதி வண்டி டிரைவர் யாராவது எனக்குக் கொண்டுவந்து தருவார்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இங்கே நான் எடுத்த எம்.ஆர்.ஐ. வீண். மெஷினில் கோளாறு இல்லை. நீ அசைந்தாய்.

அது ஏன் முக்கியம் என்று யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நானே சொல்கிறேன். பொங்கல் கழிந்து உனக்குப் பேச்சு நின்றதே, மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாததால் நின்றது. சித்தூரில் எடுத்த ஸ்கேனிலேயே அது தெரிந்தது. மூளைக்குப் போகும் குழாய்கள் பல இடங்களில் குறுகியிருக்கின்றன என்பதும் தெரிந்தது. ஏன் குறுகின என்பதுதான் தெரியவில்லை. டாக்டர் யமுனா மேடம் இரண்டு காரணம் சொல்கிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த ரத்தக்குழாயைத் தாக்கிச் சுவர் வீங்கியிருக்கலாம். அல்லது கெண்டைக்கால் சதை பிடிக்குமே, அதுபோல் குழாய் சும்மா இழுத்துப் பிடித்திருக்கலாம். முதலாவது என்றால் உடனே ஸ்டீராய்டு வேண்டும். இரண்டாவது என்றால் அதே ஸ்டீராய்டு கெடுதல் செய்யும்.

சாதாரண ஸ்கேன் உள்ளே ஓடும் ரத்தத்தைத்தான் காட்டும். தோட்டத்து டியூபில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமா? டியூபே உள்ளே தடித்துவிட்டதா, யாராவது மிதித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று டியூபைப் பார்க்க வேண்டாமா? நான் எடுக்கப் பார்ப்பது டியூபின் படம். ஒரு நூல் கனம்தான் அந்தச் சுவர். எட்டு நிமிஷம் நீ கல் மாதிரி கிடந்தால்தான் விழும்.

பிப்ரவரி 6, வியாழக்கிழமை, மறுபடி. ஏன் அசைந்தாய் என்று எழுது. பயமா, மூச்சு முட்டியதா, முதுகு வலியா? காரணம் தெரிந்தால் சரி செய்துவிடலாம்.

ஜெபசிங்


சித்தூர்,
31 ஜனவரி 2025

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெபசிங்குக்கு,

அக்கா அபிகாயில் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இந்த நாள்வரை காக்கப்பட்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சளி விட்டதா? பார், இவ்வளவுதான். இதை எழுத உனக்கு என்ன செலவு?

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இந்தப் பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆனது.

பள்ளியில் என் ஏழாம் வகுப்புக்கு வேறு கணக்கு டீச்சர் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருத்தி தெலுங்கில் ஏதோ கேட்டாள். நான் சிரித்தேன். இப்போதெல்லாம் எதற்கும் சிரித்து வைக்கிறேன், அது எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கிறது. சுந்தர்சிங் மாமா தாம் நடத்தும் நம் சபைப் பாடகர் குழுவின் சார்பில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். "ஆல்டோ பக்கம் உன் சேர் காலியா கீது, யாரையும் உக்கார வெக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்குத்தான் கவலை. "இன்னாடி, அந்த மிஷினுக்குள்ள பேய் கீய் இருந்துச்சா, ஏன் ஆடின?" என்று தினம் கேட்கிறாள். 6-ம் தேதி வருகிறோம்.

உன் மெஷின் அவ்வளவு சத்தம் போடும் என்று நீ முன்பே சொல்லியிருக்கலாம்.

உன் அன்பு அக்கா,
அபிகாயில்


திருப்பதி,
3 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். சளி இல்லை. நீ நலமா, அம்மா நலமா. போதுமா?

நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஆரஞ்சுப் பழம் வரைக்கும் எழுதினாய். சரி, நானே ஊகிக்கிறேன். சத்தத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. ஆக, பயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போன மாதம் ரேணிகுண்டாவிலிருந்து வந்த ஒரு வெல்டர், நாள் முழுக்க நெருப்புப் பொறிக்கு நடுவில் வேலை செய்கிறவர், உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, "ஐயோ சாமீ, ஒத்து" என்று கத்தி, ஸ்கேனே வேண்டாமென்று செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார்.

மயக்கம் கொடுத்து எடுக்கலாமா என்று யமுனா மேடத்திடம் கேட்டேன். கூடாது என்றார். குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கிறது. மயக்கத்தில் பிரஷர் இறங்கினால் இருக்கிற ரத்தமும் போகாது. ஆகவே விழித்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி பண்ணியிருக்கிறேன். சத்தம் காதில் விழாமலிருக்க ஹெட்போன் போடுவோம். அதில் பாட்டு வைக்கலாம். சென்டரில் இருப்பது வெங்கடேச சுப்ரபாதமும் சினிமாப் பாட்டும். உனக்கு இரண்டும் வேண்டாம். டிசம்பரில் உங்கள் குழு பாடியதைச் சுந்தர்சிங் மாமா ரெக்கார்ட் பண்ணி எல்லோருக்கும் அனுப்பினாரே, அதைப் போடுகிறேன். கேட்டுக்கொண்டே கண்ணை மூடு. எட்டு நிமிஷம் போனதே தெரியாது.

ஜெபசிங்


திருப்பதி,
8 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்கா அபிகாயிலுக்கு,

தம்பி ஜெபசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் இங்கே நலமாயிருக்கிறேன். அங்கே நீயும் அம்மாவும் சுகத்தோடும் சமாதானத்தோடும் இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா போன் செய்தாள். சந்தோஷம். இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மெஸ்ஸில் புதுச் சமையல்காரர் வந்திருக்கிறார், சோற்றுக்குப் போடும் பப்பு நன்றாக இருக்கிறது. ரூமில் என்னுடன் இருக்கும் குணா கோடூருக்குப் போய்வந்து ஒரு பை நிறைய சப்போட்டா கொடுத்தான். அடுத்த தடவை வரும்போது உனக்குத் தருகிறேன்.

படம் இந்தத் தடவையும் சரியாக வரவில்லை. பரவாயில்லை. 18-ம் தேதி இன்னொரு முறை எடுப்போம். மாத்திரையை நேரத்துக்குப் போடு. தலைவலி கூடினாலோ கை கால் மரத்துப்போனாலோ எந்த நேரமானாலும் உடனே புறப்பட்டு வந்துவிடுங்கள்.

உன் அன்புள்ள தம்பி,
ஜெபசிங்


சித்தூர்,
10 பிப்ரவரி 2025

ஜெபா,

என்ன தெரிந்தது படத்தில்?

நீ பிறந்ததிலிருந்து யாரிடமும் "பரவாயில்லை" என்று சொன்னதில்லை. நைனா அடக்கத்தன்றுகூட, வந்தவர்களிடம் சேர் கோணலாகப் போட்டிருக்கிறது என்று சண்டை பிடித்தவன் நீ. அம்மா உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "பாத்தியா, எம் புள்ளைக்கு மருவாதி வந்துச்சி" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முதல் வரியையே மூன்று தடவை திரும்ப வாசித்தேன்.

படத்தைப் படித்துச் சொல்வது உன் வேலை இல்லை என்று சொல்வாய். தெரியும். என்னிடம் சப்போட்டாவைப் பற்றி எழுதுவதும் உன் வேலை இல்லை.

பேச்சுதான் நின்றது. படிக்கத் தெரியும். எழுது.

அபி


திருப்பதி,
11 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த முறை அவரே சொல்வதாக இருந்தார். நீ அதுவரை பொறுக்க மாட்டாய் என்றேன்.

சுவர்ப் படத்துக்கு முன் எடுத்த சாதாரணப் படத்தில் புதிதாக ஒரு புள்ளி, ரத்தம் போகாத இடம். சின்னது. வலப்பக்கம். உனக்கு எதுவும் தெரியாத இடத்தில் விழுந்திருக்கிறது, அதிர்ஷ்டம். அடுத்தது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. சுவரின் படம் கிடைக்காவிட்டால் மண்டையில் துளை போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறார்கள். ஆபரேஷன் டாக்டரிடம் மேடம் பேசியாகிவிட்டது. 18-ம் தேதி கெட்டால், 20-ம் தேதி அது.

இனி என் வேலைக்கு வருகிறேன். அதில் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நேற்று ட்யூட்டி முடிந்ததும் உன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பயந்தவர் எப்போதாவது திடீரென்று அசைவார். அப்போது படம் ஈரக் கையால் தடவிய கோலம் மாதிரி கலங்கும். உன் படம் அப்படிக் கலங்கவில்லை. நிழல் நிழலாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரே இடைவெளியில் அடுக்கிய தட்டு மாதிரி விழுந்திருக்கிறது. ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும் அசைவு மட்டும்தான் அப்படி நிழல் போடும். நிழல் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பார்த்தேன். தாடை. நாக்கு. தொண்டை.

முதல் தடவை கொஞ்சம். நான் பாட்டுப் போட்ட இரண்டாவது தடவை அதைப்போல் மூன்று பங்கு.

நீ பயப்படவே இல்லை. உள்ளே படுத்துக்கொண்டு பாடியிருக்கிறாய். மடையன் நான்தான், பாட்டை எடுத்துக் காதிலேயே மாட்டியிருக்கிறேன்.

சரியா, தப்பா? ஒரு வரியில் எழுது.

ஜெபசிங்


சித்தூர்,
12 பிப்ரவரி 2025

அன்பான தம்பிக்கு,

சரி.

ஒரு வரி கேட்டாய். அது போதாது, மீதியையும் கேட்டுக்கொள்.

முதல் தடவை நான் பாட நினைக்கவில்லை. உன் மெஷின் முதலில் தட்டியது, பிறகு உறுமியது, பிறகு ஒரே சுருதியில் நின்றுவிட்டது. அந்தச் சுருதி எனக்குத் தெரியும். டிசம்பர் பாட்டில் மூன்றாவது சரணத்தில் எங்கள் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல், நகராமல் நிற்கிற சுருதி. வீட்டுக்கு வந்து கீபோர்டில் வைத்துப் பார்த்தேன், மயிரிழை வித்தியாசமில்லை. அங்கே படுத்திருக்கும்போது வாய் தானாகத் திறந்தது. வார்த்தை வந்தது, ஜெபா. தடங்கலில்லாமல், முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாக. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறேன். உள்ளே ஒரு சரணம் பாடி முடித்தேன்.

வெளியே வந்ததும் உன்னிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ப" என்று நின்றது. நீ அதற்குள், "ஏங்கா அசைஞ்ச? சொன்னா கேக்கவே மாட்டியா?" என்று கத்தினாய். சிரித்து வைத்தேன்.

வீட்டில் ஏன் பாடிப் பார்க்கவில்லை என்று கேட்பாய். அடுத்த அறையில் அம்மா இருக்கிறாள். நான் இருமினாலே ஓடிவருகிறாள். பாட்டு வராவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். உன் மெஷின் சத்தத்தில் வராவிட்டாலும் யாருக்கும் கேட்காது. அதனால் இரண்டாவது தடவையும் பாடலாம் என்றுதான் வந்தேன். வந்து படுத்தால், நீ எங்கள் பாட்டையே போடுகிறாய். அதில் என் குரல் இருக்கிறது. சுகமாக இருந்தபோது பாடின என் குரல். அதை விட்டுவிட்டுச் சும்மா கிடக்க என்னால் முடியவில்லை.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னால் பாடாதே என்பாய்.

இந்த இரண்டு பக்கம் எழுதக் காலையிலிருந்து ஆனது. அம்மா நலம். புள்ளியைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துவிட்டேன். நீயும் சொல்லாதே.

உன் அக்கா,
அபிகாயில்


திருப்பதி,
13 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

பாடாதே.

நலம். நலமா. இந்த இரண்டும் முறைப்படி.

எட்டு நிமிஷம் பாடாதே என்கிறேன், ஆயுசுக்கும் இல்லை. நீ எழுதியதை யமுனா மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பேச்சு நின்றவர்களுக்குப் பாட்டு மிஞ்சியிருப்பது உண்டாம். பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு நடத்திக் கூட்டிவரும் பயிற்சியே இருக்கிறதாம். உன் பயிற்சி அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னார். ஆக, உன் பாட்டு நமக்குத் தேவை. மூளையில் மூன்றாவது புள்ளி விழுந்தால் அந்தப் பாட்டும் போகலாம். நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் அந்த எட்டு நிமிஷ ஸ்கேனின் சத்தம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, என் போனில் பதிவு செய்தது. ஹெட்போன் கிடையாது, பாட்டும் கிடையாது, காதில் பஞ்சு மட்டும்தான். இந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துப் பழகு. உதடு, நாக்கு, தொண்டை எதுவும் நகரக் கூடாது. எச்சில் விழுங்குவதைக்கூட முதலிலேயே முடித்துக்கொள்.

சுந்தர்சிங் மாமா என்னைக் குழுவின் பேஸ் வரிசையிலிருந்து துரத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஈஸ்டர் பாட்டில் சோப்ரானோ பெண்கள் மட்டும் தனியாகப் போவார்கள், மற்றவர்களுக்கு ரெஸ்ட், வாயை மூடி நிற்க வேண்டும். நீங்களெல்லாம் தாளத்தை எண்ணிக்கொண்டு நின்றீர்கள். நான் பொறுக்காமல் நடுவில் நுழைந்துவிட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் திரும்பவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாய். உன்னால் முடியும். இது வெறும் நீளமான ரெஸ்ட்.

ஜெபசிங்


சித்தூர்,
16 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நலம். அம்மா நலம். அம்மா இரண்டு நாளாகச் சிரிக்கிறாள், அதனால் மிகவும் நலம்.

பென் டிரைவைச் சுந்தர்சிங் மாமாதான் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக் கேட்டார். "இது இன்னாம்மா, நம்ம டிப்போ கம்ப்ரசர் மாதிரி கீது?" என்றார். எழுதிக் காட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன், பாட்டு வருவதையும் சேர்த்து. வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "வூட்ல படுத்துப் பழகினா வேலைக்காவாது. சனிக்கெழம பிராக்டீசுக்கு வா" என்றார்.

நேற்று போனேன். காலியாக வைத்திருந்த அந்தச் சேரில் உட்காரவிடவில்லை. முன்வரிசை பெஞ்சில் பாயை விரித்து என்னைப் படுக்க வைத்தார். எல்லோரையும் அவரவர் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, "இன்னிக்குப் பாட்டு கெடையாது. எட்டு நிமிஷம் ரெஸ்ட். எவனாவது இருமினா முதல்லேர்ந்து" என்றார். கோயில் ஸ்பீக்கரில் உன் மெஷினைப் போட்டார்.

யோசித்துப் பார். ஆலயத்துக்குள் அந்தச் சத்தம். தட்டுகிறது, உறுமுகிறது. இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். சபைப் போதகர் ஐயர் பக்கத்துப் பங்களாவிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தார். "ஆம்ப்ளிஃபயர் போச்சா? கரன்டை நிறுத்துங்க, கரன்டை நிறுத்துங்க!" என்று அவர் கத்த, மாமா அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். ஐயரைப் பார்த்து! அவரும் ஏன் எதற்கென்று தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேஸ் வரிசையில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. முதலிலிருந்து. இரண்டாவது தடவை எனக்கே தொண்டை அசைந்தது. மாமா என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். முதலிலிருந்து. மூன்றாவது தடவை அந்தச் சுருதி வந்தபோது, நான் பாடவில்லை. பாடாமலேயே அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் யாருமே பாடவில்லை. தனியாக விட்டுவிட்டார்கள் என்றும் தோன்றவில்லை.

முடிந்ததும் மாமா, "பேஸ்காரனுங்க எட்டு நிமிஷம் வாய மூடினு நின்னது சபை கட்டினதிலேர்ந்து இதான் மொதல் தடவ" என்றார். ஐயர் அப்போதுதான், "இப்ப சொல்லுங்க, என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

உன் அக்கா,
அபிகாயில்


திருப்பதி,
20 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நீ மேல் மாடி வார்டில் இருக்கிறாய். நான் கீழே இருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் நான் பேசினால், பதில் சொல்ல முடியாமல் நீ முறைக்கிறாய், நான் அவசரப்பட்டு உன் வாக்கியத்தை முடித்து வைக்கிறேன், நீ இன்னும் முறைக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மைக்கில் "கதலகண்டி" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன், நாக்கு பழகிவிட்டது, உன்னிடமும் தெலுங்கிலேயே அசையாதே என்றேன். பட்டனை அழுத்தினேன். மெஷின் கத்த ஆரம்பித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சுருதி இப்போது எனக்கும் தெரிகிறது, கெடுத்துவிட்டாய். அது வந்தபோது கேமராவில் உன் கழுத்தையே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. படம் ஒவ்வொரு வரியாகத் திரையில் வந்தது. ஒரு நிழல் இல்லை. இந்த சென்டரில் நான் எடுத்ததிலேயே சுத்தமான படம்.

யமுனா மேடம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இதிகோ" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினார். குழாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், குழாய் மூட்டில் போடும் வாஷர் மாதிரி. ஒரு இடத்தில் இல்லை, ஐந்தாறு இடங்களில். பிடிப்பு என்றால் அப்படி விழாது. சுவர்தான் வீங்கியிருக்கிறது. உன் உடம்பே உன் குழாயைத் தாக்குகிறது. அக்காவுக்கு அந்த வியாதிதான் என்று நிரூபித்த படத்தைப் பார்த்து நான் கையைத் தட்டினேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

துளை போடும் பேச்சு இனி இல்லை. ரத்தப் பரிசோதனை, முதுகுத் தண்டு நீர் எல்லாம் அந்தப் படத்தோடு ஒத்துப்போகின்றன என்றார்கள். ஸ்டீராய்டு நேற்றே ஏற்ற ஆரம்பித்தாயிற்று. அடுத்து இன்னொரு பெரிய மருந்து, மாதம் ஒரு முறை. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும். நல்லது கெட்டது எல்லாவற்றையும் அடக்கும். முடி கொட்டலாம். முகம் வீங்கும். கூட்டத்துக்குப் போகக் கூடாது. கோயிலும் கூட்டம்தான், அக்கா. பாடகர் குழுவும்தான். மேடம் சொல்லும் வரை.

இதை நேரில் சொல்ல வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கடிதம்.

ஜெபசிங்


திருப்பதி,
5 மே 2025

அக்காவுக்கு,

நீ நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

இது மூன்றாவது கடிதம். மார்ச்சில் ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. பதில் இல்லை. மருந்து ஏற்ற மாதாமாதம் வருகிறாய், கையை ஆட்டுகிறாய், போய்விடுகிறாய். அம்மாவிடம் போனில் கேட்டால், "எழுதிக்கினுதான் கீறா, கிழிச்சிப் போட்டுக்கினும் கீறா. நல்லா துன்றா. மொகம் பன்னு மாதிரி ஆயிப்போச்சி, போய்க் கண்ணாடி பாக்க மாட்டேன்றா" என்கிறாள்.

கோயிலுக்குப் போக முடியாத கோபமா? அதை என்மேல் காட்டு, பரவாயில்லை. (இந்தப் பரவாயில்லைக்குப் பின்னால் எதுவும் இல்லை. புதுப் புள்ளி கிடையாது.) கை மறுபடி பலவீனமாகிவிட்டதா? அப்படியென்றால் மறைக்காதே. முடி போனதா? போகட்டும், முளைக்கும்.

எதுவாக இருந்தாலும் எழுது. எனக்குச் சும்மா இருக்க வராது என்று உனக்குத் தெரியும்.

ஜெபசிங்


சித்தூர்,
7 செப்டம்பர் 2025

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெபசிங்குக்கு,

அக்கா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். உன் சுகத்தைப் போன வாரம் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்டு கடைசியில் எடுத்த படத்தில் வளையங்கள் மங்கிவிட்டன என்று யமுனா மேடம் சொன்னார். நீ சொல்லவில்லை. "ரிப்போர்ட் வரும், இரு" என்று உறுமிவிட்டு, எனக்கென்று வாங்கிவந்த டீயையும் சேர்த்து இரண்டையும் நீயே குடித்தாய். அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னும் முடியவில்லை, தெரியும். மாத்திரை வருஷக்கணக்கில் போகும். மூன்று மாதத்துக்கொரு முறை உன் மெஷினுக்குள் வர வேண்டும். வருகிறேன். ரெஸ்ட் பிடிக்க எனக்குத் தெரியும்.

உன் மூன்று கடிதமும் கிடைத்தது. முடி போனது உண்மை, முளைக்கிறதும் உண்மை. கோபம் இருந்தது, மே மாதத்தோடு தீர்ந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் வேறு. எழுதிக்கொண்டே இருந்தால் எழுத்தே போதும் என்று இருந்துவிடுவேன் என்று பயந்தேன். பயிற்சி அம்மா வாரம் மூன்று நாள் வருகிறார். முதலில் பாட்டு. பிறகு அதே ராகத்தில் சொந்த வார்த்தை. பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. அம்மா இப்போது அடுத்த அறையில் இருந்தாலும் பாடுகிறேன். சுந்தர்சிங் மாமா சனிக்கிழமைகளில் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு டெனார் பாடுகிறார், உள்ளே வருவதில்லை. தெருவில் போகிறவர்கள் இந்த வீட்டில் என்ன கல்யாணமா என்று பார்க்கிறார்கள்.

நேற்று அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். டம்ளரைத் தூக்காமல்.

ஆகவே இது கடைசிக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய். நான் எடுப்பேன். "ஹலோ" எனக்கு இன்னும் கஷ்டம், அதை எதிர்பார்க்காதே. உன் பெயரைத்தான் பழகி வைத்திருக்கிறேன். அந்தச் சுருதியிலேயே வரும், சிரிக்காதே.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் நடுவில் நிறுத்துவேன். அடுத்த வார்த்தை வர நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று கத்தாதே. என் வாக்கியத்தை நீ முடித்து வைக்காதே. நடுவில் நுழையாதே, ஜெபா. நான் எட்டு நிமிஷம் கிடந்தேன்.

எண்ணிக்கொண்டு இரு.

உன் அன்பு அக்கா,
அபிகாயில்